சுவர் நாற்காலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காரும் உடற்பயிற்சிக்கு நான் விரோதி அல்ல. அது நல்ல பயிற்சி. வாரத்தில் மூன்று நாள் இன்றைக்கும் வீட்டில் செய்கிறேன். என் ரத்த அழுத்தம் அதனால் குறைந்தது. குறைந்ததுதான் நான் செய்த தப்பு. நூற்று ஐம்பத்தெட்டிலேயே நின்று தொலைத்திருந்தால், என்னால் இத்தனை பேருக்குக் கேடு வந்திருக்காது.

என் பெயர் பாலுசாமி. சூலூர்க்காரன். கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் இருக்கும் பங்காரம்மாள் பட்டு மாளிகையில், இரண்டாவது மாடி கல்யாணப் பட்டுப் பிரிவில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். வேலை செய்கிறேன் என்றும் சொல்லலாம், ஆனால் நிற்கிறேன் என்பதுதான் சரியான சொல். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை சாத்துகிற வரைக்கும் நிற்க வேண்டும். மத்தியானம் இருபது நிமிடம் நாலாவது மாடித் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். வாடிக்கையாளர்களுக்கு மெத்தை வைத்த சோபா உண்டு. அவர்களோடு வரும் குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் யானை உண்டு, அதன் மேல் அவை உட்காரலாம். எங்களுக்கு யானையும் கிடையாது.

ஆனால் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒருவனை வேலையை விட்டுத் துரத்துவதாக இருந்தாலும் "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்று ஒரு 'ங்க' போட்டுத்தான் துரத்துவார்கள். அவனும் "சரிங்க, சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். உபசாரத்துக்கும் ஒரு முறை உண்டு. ஒறம்பரை, அதாவது உறவுக்காரர்கள், வீட்டுக்கு வந்தால் சாப்பிடச் சொல்வோம். "பரவால்லீங்க, இப்பத்தான் சாப்ட்டோம்" என்பார்கள். மறுபடி சொல்வோம். "இருக்கட்டுங்க" என்பார்கள். மூன்றாம் தடவை சொன்னால்தான் கை கழுவ எழுந்திருப்பார்கள். முதல் தடவையிலேயே இலைக்கு முன்னால் உட்காருகிறவன் நாகரிகம் தெரியாதவன். முதல் தடவையோடு விட்டுவிடுகிறவன் கஞ்சன். இந்த முறையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போனது இதில்தான்.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று சில வருடங்களுக்கு முன்னால் சட்டம் வந்தது. அந்தச் செய்தியை நாங்கள் பேப்பரில் படித்தோம். நின்றுகொண்டே படித்தோம்.

எங்கள் முதலாளி சசிதர் சட்டத்தை மதிக்கிறவர். பங்காரம்மாளின் பேரன். உடனே ஆறு நாற்காலி வாங்கினார். மெரூன் நிறம், கைப்பிடி வைத்தது. நாலு மாடிக்கும் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஆறு. அவை களவு போய்விடாமல் இருக்க ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சங்கிலி போட்டுப் பூட்டி, மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள். சாவி செக்யூரிட்டியிடம். நாற்காலி வேண்டுமென்றால் 'அமர்வுப் பதிவேடு' என்ற நோட்டில் பெயர், பிரிவு, அமரும் நேரம், எழும் நேரம், காரணம் என்று ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும். நிரப்பிய பிறகு, மேலே நல்வாழ்வு மேலாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

முதன்முதலில் நிரப்பியவள் மாரியாத்தாள். ப்ளவுஸ் பிட் பிரிவு. அவளும் சூலூர்தான், நானும் அவளும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் நரம்பு நீலமாகப் புடைத்து, கயிறு முறுக்கிய மாதிரி சுற்றிக் கிடக்கும். மணிக்கொரு தடவையாவது உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேலைக் கரையைத் தரை தொடக் கட்டி அதை யார் கண்ணுக்கும் படாமல் வைத்திருந்தாள். பஸ் படி ஏறும்போது ஒரே ஒரு தடவை எனக்குத் தெரிந்தது.

காரணம் என்ற கட்டத்தில் அவள் 'கால் வலி' என்று எழுதினாள். நல்வாழ்வு மேலாளர் ஹர்ஷிணி இருபத்தெட்டு வயதுப் பெண், பெங்களூரில் படித்தவர், யாரிடமும் முகம் சுளிக்க மாட்டார். நோட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"வலிங்கறது அறிகுறிங்க அக்கா. காரணம் கிடையாது. காரணம் என்னன்னு எழுதுங்க."

மாரியாத்தாள் ரொம்ப நேரம் யோசித்து, 'நின்றது' என்று எழுதினாள்.

"நிக்கறது உங்க வேலைங்க அக்கா. வேலையை எப்படிங்க காரணமாப் போடறது?"

மாரியாத்தாள் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்து நின்றாள். அதற்குப் பிறகு அந்த நோட்டில் யாரும் எழுதவில்லை. மாதக் கடைசியில் ஹர்ஷிணி முதலாளிக்கு எழுதிய அறிக்கையில் 'நாற்காலிக்கான தேவை பூஜ்ஜியம்' என்று வந்தது.

போன தை மாதம் கடையில் ரத்த அழுத்த முகாம் நடந்தது. இல்மா என்ற லேப் பெண் ஒவ்வொருவர் கையிலும் பட்டையைக் கட்டி அளந்தாள். எனக்கு நூற்று ஐம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. "டாக்டரைப் பாருங்க அங்கிள்" என்றாள். முப்பத்தொன்பது பேருக்கு அதே மாதிரிச் சொன்னாள்.

அடுத்த வாரம் ஹர்ஷிணி எங்களை நாலாவது மாடிக்கு அழைத்துத் திரையில் படம் போட்டுக் காட்டினார். உடம்பை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கும் பயிற்சிக்கு ஐசோமெட்ரிக் என்று பெயராம். முதுகைச் சுவரில் ஒட்டவைத்து, முழங்காலை மடக்கி, நாற்காலியில் இருப்பதுபோல் இரண்டு நிமிடம் நிலைக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி நாலு தடவை, வாரத்துக்கு மூன்று நாள். தசை இறுகும்போது ரத்தக் குழாய் நெருக்கப்படுகிறது, விட்டவுடன் ரத்தம் தாராளமாய்ப் பாய்கிறது, குழாய் நாளடைவில் இளக்கம் காண்கிறது, அழுத்தம் இறங்குகிறது. அந்தப் பெண் சொன்னதில் பொய் கிடையாது. ஆராய்ச்சி செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மூச்சை அடக்கக்கூடாது, அழுத்தம் ஏறியிருப்பவர்களும் மூட்டு வலிக்காரர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்று கடைசிப் படத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அந்தப் படம் வருவதற்கும் முதலாளி கை தூக்குவதற்கும் சரியாக இருந்தது.

"ஏனுங்க ஹர்ஷிணி, அப்ப இதுவும் உக்கார்றதுதானுங்களே?"

"உடம்பு இருக்கற நிலையைப் பார்த்தா உட்கார்றதுதாங்க சார்."

"நாற்காலி வேண்டியதில்லீங்க?"

"வேண்டியதில்லைங்க சார். நாற்காலி இருந்தா பலனே கிடையாது."

முதலாளி அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அவ்வளவு சந்தோஷத்தை அவர் முகத்தில் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தின்போதுகூட நான் பார்த்ததில்லை.

திட்டத்துக்குச் 'சுவர் நாற்காலி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த பிறகுதான் சுவர் இல்லை என்பது தெரிந்தது. எங்கள் கடையில் எல்லாச் சுவரும் சேலை. லிப்டுக்குப் பக்கத்தில், பங்காரம்மாள் படம் மாட்டியிருக்கும் சுவர் ஒன்றுதான் சும்மா இருந்தது. படத்தை ஒன்றரை அடி உயர்த்தி மாட்டி, கீழே பெயிண்டில் மூன்று ஜோடிப் பாதம் வரைந்தார்கள். ஸ்தாபகருக்கு முதுகைக் காட்டி உட்காருவது முறையா என்று கேள்வி வந்தது. அதற்கு ஒரு கமிட்டி கூடியது. செருப்பைக் கழற்றி, படத்தைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தோஷமில்லை என்று தீர்மானமாயிற்று. முழங்கால் சரியாகத் தொண்ணூறு டிகிரியில் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க ஆல்டரேஷன் பிரிவிலிருந்து எல் ஸ்கேல் வந்தது. தையற்காரர் எங்கள் முழங்காலுக்கு அடியில் ஸ்கேலை வைத்து, "ஒரு இஞ்சு எறக்குங்க" என்பார். ஜாக்கெட் அளவு எடுக்கிற அதே குரல்.

அமர்வுப் பதிவேடு மறுபடி உயிர் பெற்றது. சுவரில் இருந்த ஒவ்வொரு இரண்டு நிமிடமும் 'அமர்வு' என்று ஏறியது. காரணம் என்ற கட்டத்தில் 'நலம்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார்கள். அந்த மாதம் எங்கள் கடையில் ஆயிரத்து முந்நூறு அமர்வுகள். நாற்காலிகள் சங்கிலியிலேயே இருந்தன.

மாரியாத்தாள் ஒரே ஒரு தடவை முயன்றாள். கும்பிட்டாள், சாய்ந்தாள், மடங்கினாள். இருபது நொடி ஆவதற்குள் முழங்கால் விட்டுப்போய்ச் சுவரோடு வழுக்கித் தரையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஹர்ஷிணி நோட்டில் 'அமர்ந்தார் (தரையில்)' என்று எழுதிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்த் தூக்கிவிட்டேன். பிற்பாடு ரொம்ப நாள் வரைக்கும் தூக்கிவிட்டதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன்.

எனக்கோ அந்தச் சுவர் ஒத்துக்கொண்டது. இருபத்தாறு வருடம் நின்ற தொடை, என்ன சொன்னாலும் கேட்டது. எட்டு வாரத்தில் இல்மா மறுபடி வந்து அளந்தாள். நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு. இந்த எட்டு வாரமும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நான் ஒரு நாள் விடாமல் விழுங்கினேன் என்பதையும், வீட்டில் ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டார்கள் என்பதையும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் சுவரின் மதிப்பும் என் மதிப்பும் குறைந்துவிடும் என்று தோன்றியது.

மறுநாள் லிப்ட் கதவில் ஆள் உயரத்துக்கு என் படத்தை ஒட்டினார்கள். சுவரில் உட்கார்ந்து சிரிக்கிற படம். '158-லிருந்து 138! நம்ம பாலுசாமி!' லிப்ட் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நான் நடு மூக்கில் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் போவேன். மூடும்போது ஒன்று சேர்வேன். கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர்கள் படத்தையும் பார்த்து, ஆளையும் பார்த்து, "கொஞ்சம் உக்காந்து காட்டுங்க" என்பார்கள். காட்டுவேன். செல்போனில் எடுத்துக்கொள்வார்கள். அந்தியூரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து நாற்பது நொடியில் எழுந்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைத்தால் மீதி எல்லாம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

சித்திரை மாதம் ஒரு நாள் காலை பஸ்ஸில் மாரியாத்தாள் என் பக்கம் வந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, பேரு போடாம லேபர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதிப்போட்டேனுங்க. நாற்காலிய அவுத்து உடச் சொல்லி. அடுத்த வாரம் ஆபீசர் வாராருன்னு பேச்சு."

"ஆருகிட்டயாச்சும் சொன்னியா அம்மணி?"

"உங்ககிட்டத்தானுங்க சொல்றேன். நான் வாயத் தொறந்தா, செவுத்துல உக்கார முடியாதவ பேசறான்னு போயிருவாங்க. நீங்க ஒருத்தரு சொன்னாப் போதுமுங்கண்ணா. போட்டோவுல இருக்கறவரே, செவுரு வேற நாற்காலி வேறன்னு சொன்னா, மறுபேச்சு இருக்காது."

"அதுக்கென்ன, சொல்லீர்றேன்" என்றேன்.

"ராத்திரியில காலு துணி மாதிரி கனக்குதுங்க. நனைஞ்ச துணி மாதிரி. இந்த வேலையும் இல்லீன்னா என்ற ஊட்ல அடுப்பு எரியாது. அதனாலதான் கேக்கறனுங்க."

"சொல்றேன் அம்மணி. நான் சொல்லாம ஆரு சொல்லுவா?"

அந்த ஒரு வாரமும் சுவரில் உட்கார்ந்திருந்த நேரத்தில் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பயிற்சி எட்டு நிமிடம், வேலை பன்னிரண்டு மணி நேரம். சுவர் மருந்து, நாற்காலி சோறு. மருந்து கொடுத்தேன் என்று சோற்றை நிறுத்த முடியுமா? நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் சொல்லி முடிக்கும்போது யாரோ என்னைப் பாராட்டுவது போலவும் நினைத்துக்கொண்டேன்.

தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தார். வேறு ஜில்லாக்காரர், மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். அவர் வருவதற்கு அரை மணி முன்னால் சங்கிலி அவிழ்ந்து, ஆறு நாற்காலியும் துடைக்கப்பட்டு இரண்டாவது மாடியில் வரிசையாக நின்றன. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கூட அப்போதுதான் கிழித்தார்கள். முதலாளி அவரைச் சோபாவில் உட்காரவைத்து இளநீர் கொடுத்தார். கடையிலேயே மூத்தவர் என்று சொல்லி என்னை அழைத்தார். மாரியாத்தாள் நாலடி தள்ளி ப்ளவுஸ் பிட் மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஆய்வாளர் நல்ல மனிதர். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த மெரூன் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க, பாலுசாமி. உட்கார்ந்தே பேசலாம்."

இருபத்தாறு வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டவுடன் என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது.

"பரவால்லீங்க சார். நிக்கறனுங்க."

இரண்டாம் தடவை சொல்வார் என்று நின்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"நின்று வேலை செய்வதில் சிரமம் ஏதாவது இருக்கிறதா?"

முதலாளி சிரித்த முகத்தோடு, "சொல்லுங்க பாலுசாமி, பயப்படாமச் சொல்லுங்க" என்றார். அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்ன பிறகு என்ன சொல்வது? சொந்தக்காரர் வீட்டில் சாம்பாரில் உப்பு எப்படி என்று கேட்ட மாதிரி இருந்தது.

"சிரமம்னு பாத்தா எல்லா வேலையிலயும் இருக்கறதுதானுங்களே."

"இந்தச் சுவர்ப் பயிற்சி?"

"அது நல்லாத்தானுங்க இருக்குது."

அது உண்மை. நான் அன்றைக்குச் சொன்ன எதுவுமே பொய் இல்லை. உண்மையை மட்டும் பேசி ஒருத்தியைக் கைவிட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மருந்து, சோறு எல்லாம் தொண்டையிலேயே நின்றது. ஆய்வாளர் எழுந்து, "உங்களை மாதிரி ஊழியர்கள் கிடைப்பது கஷ்டம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நாற்காலிகள் மறுபடி சங்கிலிக்குள் போயின. மாரியாத்தாள் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மறுநாள் பஸ்ஸில் அவளே என் பக்கத்தில் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"அந்தாளு வெளியூருங்கண்ணா" என்றாள். "இன்னும் ரெண்டு தடவ கேக்கோணும்னு தெரிஞ்சிருக்காது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்பியைப் பிடித்திருந்த கையில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் எனக்காகச் சாக்குத் தேடிக் கொடுக்கிறாள். நனைந்த துணி மாதிரி கனக்கிற காலோடு நின்றுகொண்டு எனக்குச் சாக்குத் தேடிக் கொடுக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. ஹர்ஷிணி அதைக் காலைக் கூட்டத்தில் படித்தார். 'ஆய்வின்போது மூத்த ஊழியர் ஒருவருக்கு நேரில் இருக்கை அளிக்கப்பட்டும் அவர் அதனை ஏற்க மறுத்து, நின்ற நிலையிலேயே மகிழ்ச்சியுடன் உரையாடினார். ஊழியர்கள் நிற்பதையே விரும்புகின்றனர் எனத் தெரியவருகிறது.' எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். லிப்ட் கதவு திறந்தது, நான் இரண்டாகப் பிளந்தேன்.

நாற்காலிகளை ஒரு முதியோர் இல்லத்துக்குத் தானமாகக் கொடுப்பது என்று முதலாளி முடிவு செய்தார். ஆண்டு விழா அன்று காலை, கடை திறப்பதற்கு முன்னால், தரைத்தளத்தில் மேடை போட்டு விழா. ஆறு நாற்காலிக்கும் சேர்த்து ஒரே ரோஸ் நிற ரிப்பன் கட்டியிருந்தார்கள். பங்காரம்மாள் படத்தைச் சுவரோடு கீழே கொண்டுவர முடியாததால் படத்தை மட்டும் கொண்டுவந்து, ஒரு பிளைவுட் பலகையைச் சுவராக நிறுத்தி அதில் மாட்டியிருந்தார்கள். நான் அதில் உட்கார்ந்து காட்ட வேண்டும். இல்மா அளக்க வேண்டும். அளவைப் பெரிய டிவியில் காட்டுவார்கள். பிறகு நாற்காலிகள் வேனில் ஏறும்.

முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"எங்க பாட்டி பங்காரம்மா உக்காந்து நான் பாத்ததே இல்லீங்க. இந்தக் கடை நின்னதே அவுங்க நின்னதுனாலதான். இப்ப என்னைப் பாருங்க. காலைல வந்தா பொழுதோட வரைக்கும் ஏசி ரூம்ல உக்காந்தே கெடக்கறேன். இடுப்பு டிஸ்க் தேஞ்சு போச்சு. சக்கரை வந்துபோச்சு. உக்கார்றது எவ்வளவு பெரிய கொடுமைன்னு எனக்குத்தானுங்க தெரியும். அந்தக் கொடுமை என்ற குடும்பத்துக்கு, அதாவது உங்களுக்கு, வந்துரக் கூடாது. அதனால உங்க எல்லாருத்துக்கும் சேத்து நான் ஒருத்தனே உக்காந்துக்கறனுங்க."

பலத்த கைதட்டல். முதலாளிக்கே கண் கலங்கிவிட்டது. அடுத்து ஹர்ஷிணி பேசினார்.

"உட்கார வசதி செய்து தரணும்னுதான் சட்டம் சொல்லுது. உட்கார வைக்கணும்னு எங்கயும் சொல்லல. வசதியை நாம செஞ்சோம். அது வேண்டாம்னு பெருந்தன்மையா சொன்னவர் நம்ம பாலுசாமி அண்ணா."

மறுபடியும் கைதட்டல். கூட்டத்தில் கடைசி வரிசையில், தூணில் தோளைச் சாய்த்து, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டு மாரியாத்தாள் நின்றாள். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டாமல் இருந்தால் மனு யாருடையது என்று தெரிந்துவிடுமே.

இல்மா என் இடது கையில் பட்டையைக் கட்டினாள். முதலாளி பிளைவுட் பக்கம் கையைக் காட்டினார்.

"வாங்க பாலுசாமி. உக்காருங்க."

உட்கார்ந்தேன். முதல் தடவை சொன்னதுமே, நாகரிகம் தெரியாதவன் மாதிரி, நடுவில் இருந்த மெரூன் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். ரிப்பன் அறுந்து மடியில் விழுந்தது.

முதலாளி நின்றுகொண்டிருக்க அவர் முன்னால் நான் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சு அடிக்கிற சத்தம் மைக்கில் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. பட்டை உப்பி, இறுகி, இறங்கியது. மெஷின் கூவியது. டிவியில் ஆளுயரத்துக்கு எழுத்து வந்தது: 182 / 108.

கூட்டம் டிவியையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. ஹர்ஷிணிதான் முதலில் சுதாரித்தார். கெட்டிக்காரப் பெண்.

"எல்லாரும் பாருங்க. நாற்காலியில உட்கார்ந்த ஒரே நிமிஷத்துல நூற்று எண்பத்திரண்டு. நாங்க இத்தனை நாளா சொல்லிட்டு இருந்தது இதைத்தான். அண்ணா, துணிச்சலா இதைச் செய்து காட்டினதுக்கு நன்றி."

கூட்டம் பழக்கதோஷத்தில் கை தட்டியது. நானே தட்டப் போனேன், கையில் பட்டை இருந்ததால் முடியவில்லை.

"எந்திரிங்க பாலுசாமி" என்றார் முதலாளி. குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"பரவால்லீங்க" என்றேன்.

"எந்திரிங்க. உடம்புக்கு ஆகாதுங்க."

"இருக்கட்டுங்க."

மூன்றாம் தடவை சொல்லிவிட்டால் எழுந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஐம்பத்து மூன்று வருடப் பழக்கம் அது, என் காலுக்கு வேறு தெரியாது. அதற்குள் கூட்டத்தின் கடைசியைப் பார்த்து, தொண்டையில் மிச்சமிருந்ததை எல்லாம் சேர்த்துக் கூப்பிட்டேன்.

"மாரியாத்தா, வா அம்மணி. உக்காரு."

நூற்றுப் பத்துத் தலையும் திரும்பியது. அவள் முதலாளியைப் பார்த்தாள். "பரவால்லீங்கண்ணா" என்றாள்.

"வந்து உக்காரு அம்மணி."

"இருக்கட்டுங்கண்ணா. நிக்கறேன்."

ஆய்வாளர் மறுபடி கேட்காமல் எழுதிக்கொண்டு போனது இந்தப் பதிலைத்தான். இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. பக்கத்து நாற்காலியை என் பக்கம் இழுத்து, அதில் தூசி இல்லாவிட்டாலும் கையால் தட்டிவிட்டு, மூன்றாம் தடவை சொன்னேன்.

"மாரியாத்தா, உக்காரு."

அவள் தூணை விட்டு வந்தாள். மேடைக்கு இரண்டு படி இருந்தது. ஏறுவதற்காகச் சேலையைக் கொஞ்சம் தூக்கினாள். தூக்கியதை மறுபடி இறக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஹர்ஷிணி பார்த்தார். முதலாளி பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து இரண்டு காலையும் முன்னால் நீட்டினாள். யாரும் கை தட்டவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் நிற்க, செக்யூரிட்டிதான் தன் கடமையை மறக்காமல் அமர்வுப் பதிவேட்டை எடுத்துவந்து எங்கள் முன் நீட்டினார். மாரியாத்தாள் வாங்கி, பெயர் எழுதி, நேரம் எழுதி, காரணம் என்ற கட்டத்தில் பழையபடி 'நின்றது' என்றே எழுதினாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். பெயர், பிரிவு, அமரும் நேரம் எல்லாம் எழுதினேன். காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது ஒரே ஒரு சொல்தான் உண்மையாகப் பட்டது. 'வெட்கம்' என்று எழுதினேன்.

எழும் நேரம் என்ற கட்டத்தை இரண்டு பேருமே காலியாக விட்டிருந்தோம்.